முப்பத்தொரு அங்குல ஆகாயம்

சர்ர்ர்… டக்!

அளவு டேப் தன் பெட்டிக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும் சத்தம். பக்கத்து வீட்டில் பாஸ் ஒருவர் சன்னல் அளக்கிறார். (மரவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.) அவர் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் எங்கள் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருக்கும் என் மனைவி சாந்தியின் சிரிப்புச் சத்தம் வருகிறது. நான் காதுமடல் வரை சிவக்கிறேன். என் நிறத்தில் அது வெளியே தெரியாது என்பது ஒன்றே ஆறுதல்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீண்ட தூர விமானங்களில் எந்தக் கம்பனியின் இருக்கை சுகம், எந்தக் கம்பனியின் கவனிப்பு மேல் என்று கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கெலிஓயாவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் ஒரு காலத்தில் என்னிடம்தான் வருவார்கள். நானும் கண்ணை லேசாக மூடி, தொலைவானத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து பதில் சொல்வேன். அதுவரைக்கும் நான் விமானம் ஏறியிருந்தது சென்னைக்கு ஒரு தடவை. போகும்போது சன்னல் பக்கம், வரும்போது கழிப்பறைப் பக்கம். போன பயணத்தைப் பற்றிப் பதினொரு வசன கவிதைகள் எழுதினேன். வந்த பயணத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இப்படிப்பட்ட மேதையிடம்தான் என் அக்கா தன் முழங்காலை நம்பி ஒப்படைத்தாள்.

அக்கா கலகெதரையில் இருந்தாள். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அத்தான் காலமான பிறகு அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு மகள், ஒரு வலது முழங்கால், இரண்டிலும் ஓயாத கவலை. மகள் வித்யா லண்டனில். முதல் பிரசவம். மருமகனுக்கு இரவு பகல் பார்க்காத வேலை. “நீங்க வந்தாத்தாம்மா எனக்குத் தைரியம்” என்று வித்யா போனில் சொன்ன அன்றைக்கே அக்கா விசாவுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். விசாவும் வந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. பதினொரு மணித்தியாலம் காலை மடக்கி உட்கார்ந்தால் அந்த முழங்கால் லண்டனில் இறங்கும்போது திறக்குமா?

“நான் பாத்துக்கிறேன்” என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லும்போதெல்லாம் சாந்தி நெற்றியில் கை வைப்பாள். அன்றைக்கும் வைத்தாள்.

கண்டி டவுனில் நிஸாம் நானாவிடம் போனோம். அலவத்துகொடைக்காரர். ஒடுங்கிய படிக்கட்டு ஏறிப் போனால் மேலே சின்ன அறை, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். அங்கே உட்கார்ந்தபடியே பாதிக் கண்டியை மக்காவுக்கும் மெல்பனுக்கும் அனுப்பி வைத்தவர். அக்காவின் நடையை ஒரு தடவைதான் பார்த்தார்.

“தம்பி, சீட்டு எல்லாம் ஒரே சீட்டுதான். டீச்சருக்கு வீல்செயார் ஒண்டு போடுவம். இந்தக் கதவுல ஏத்தி அந்தக் கதவுல எறக்குவாங்க. பாஷைக் கரைச்சல் இல்ல, கியூவுல நிக்கிற வேல இல்ல.”

எனக்குள் இருந்த கவிஞன் சிலிர்த்து எழுந்தான். “நானா, எங்க அக்கா முப்பது வருசம் நின்னுக்கிட்டே பாடம் நடத்துனவ. உக்காந்துக்கிட்டுக் கடல் தாண்ட மாட்டா.”

நிஸாம் நானா என்னை இரக்கத்தோடு பார்த்தார். “பிளேன்ல எல்லாரும் உக்காந்துதானே தம்பி போற?”

அக்கா குறுக்கிட்டாள். “வேணாம் நானா. ஏர்போட்ல என்கிட்டப் படிச்ச புள்ளைங்க யாராச்சும் பாத்தா? டீச்சருக்குக் கால் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிருவாங்க.”

“அப்ப எந்தக் கம்பனி?”

“ஆராய்ந்து சொல்கிறேன்” என்றேன், எழுத்துத் தமிழில். அவர் மூன்று கம்பனிகளின் விவரத்தைத் தந்து, அடுத்த திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள், அதற்கு மேல் இடம் நிற்காது என்றார்.

(கம்பனிகளின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் தரும் போர்வையின் நிறத்தைச் சொல்கிறேன்: ஊதா, பச்சை, சாம்பல். ஊதாவும் பச்சையும் வழியில் இறங்கி மாறிப் போவன. சாம்பல் நேரே போவது.)

ஆராய்ச்சி தொடங்கியது. விமான இருக்கைகளை ஒப்பிட்டுப் பேசும் வீடியோக்கள் அத்தனையும் பார்த்தேன். அவற்றில் பேசுகிறவர்கள் எல்லாரும் படுத்துக்கொண்டே பேசினார்கள். விமானத்துக்குள் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் விளக்கு. விளக்குக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் சூடு காட்டிய முந்திரி. முந்திரியின் சூடு போதாது என்று ஒருவர் பத்து நிமிடம் வருத்தப்பட்டார். அக்காவுக்கு வாங்கப்போகும் டிக்கெட்டோ, வாலிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும் இடம். இருந்தாலும் நான் தளரவில்லை. தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றை வாங்கி, கோடு போட்டு, தலைப்புகள் எழுதினேன்: ‘தலையணையின் கருணை’, ‘சிரிப்பின் நீளம்’, ‘சன்னலின் தனிமை’.

அக்கா கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். “கால் வைக்க எவ்வளவு எடம்னு எங்கடா?”

அது கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஒரு இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் இடைவெளி: ஊதா முப்பத்து நான்கு அங்குலம், பச்சை முப்பத்திரண்டு, சாம்பல் முப்பத்தொன்று.

“மூணு அங்குலந்தானே வித்தியாசம். ஒரு கட்டைவிரல் நீளம்” என்றாள் கணக்கு டீச்சர்.

“அக்கா, மூணு அங்குலம்னா சும்மாவா? அது சிறைக்கும் சிறகுக்கும் நடுவுல இருக்கிற தூரம்.”

“அப்ப அதை உக்காந்து பாத்தாத்தான் தெரியும்” என்றாள் அவள்.

யோசித்துப் பார்த்தால், அந்த விபரீதத்தின் விதையை அவள்தான் போட்டாள். (இப்படிச் சொல்லித்தான் பல வருடமாகத் தப்பிக்கப் பார்க்கிறேன். யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.)

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி. எங்கள் வீட்டு ஹோல் விமானமாகியிருந்தது.

கராஜ் வைத்திருக்கும் ஒரு சிநேகிதனிடமிருந்து பழைய வேன் ஒன்றின் மூன்று பேர் இருக்கையை அப்படியே இரவல் வாங்கி வந்து சுவரோரம் போட்டிருந்தேன். அதற்கு முன்னால், முன் இருக்கையின் முதுகாக, சாந்தி சீராகக் கொண்டுவந்த பலாமர அலுமாரி. அலுமாரியின் கால்களுக்குக் கீழே சாக்கு விரித்திருந்தேன், தள்ளுவதற்குச் சுலபமாக. டேப்பைப் பிடித்து சரியாக முப்பத்து நான்கு அங்குலம் அளந்தேன். சர்ர்ர்… டக்.

சன்னல் பக்கம் அக்கா. வழிப் பக்கத்து இருக்கையிலும் நடு இருக்கையிலும் சேர்த்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்று, பெல்ட் போட்டு.

“டேய், இது எதுக்குடா?”

“அது மூட்டை இல்லக்கா. பக்கத்து சீட்டுக்காரர். வெள்ளைக்காரர். நல்ல உடம்பு. தூங்கிட்டாரு, எழுப்பக் கூடாது.”

அக்கா மரியாதை தெரிந்தவள். மூட்டையைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டி, “குட் மோர்னிங்” என்றாள்.

“சிவப்பரிசி அண்ணி அது” என்றாள் சாந்தி. “வெயில்ல நின்னுருப்பாரு போல.”

சாந்திதான் விமானப் பணிப்பெண். மூன்று கம்பனிகளின் உபசரிப்பையும் அவளே செய்துகாட்ட வேண்டும். என்ன பேச வேண்டும், எங்கே குனிய வேண்டும் என்று கம்பனிவாரியாக எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அழைப்பு மணிக்குச் சாமியறை மணி. நான் கப்டன். கொப்பியைச் சுருட்டி வாயில் வைத்து அறிவித்தேன்:

“பயணிகளே! ஹந்தானை மலையின் பனித்தோளைத் தொட்டு, மகாவலியின் வெள்ளி மூச்சைத் தாண்டி, இதோ நாம் அரபிக் கடலின் நீலத் தயக்கத்துக்கு மேலே…”

“நீலத் தயக்கம் இருக்கட்டும். நான் பாத்ரூம் போகணும்.”

“பெல்ட் விளக்கு எரியுதுக்கா.”

“எங்க எரியுது?”

“மனசுல நெனச்சுக்கணும்.”

அரை மணித்தியாலம் நினைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூட்டையைத் தாண்டி, அலுமாரியைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். திரும்பி வரும்போது முழங்காலைத் தடவிக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்து, ‘ஊதா: வெளியேறும் வசதி நடுத்தரம்’ என்று கொப்பியில் எழுதினேன். அப்படிப்பட்ட மனிதாபிமானி நான்.

அக்கா மணியை அடித்தாள். சாந்தி வந்து, ஊதாக் கம்பனிக்காக நான் எழுதிக் கொடுத்தபடி பல் தெரியச் சிரித்தாள். எங்கள் கல்யாணப் படங்களில்கூட இல்லாத சிரிப்பு.

“மணி அடிச்சீங்களே அண்ணி. கற்பூரம் காட்டவா, தேத்தண்ணி ஊத்தவா?”

பத்து மணிக்கு ஊதா தரையிறங்கியது. அக்கா இருக்கையிலேயே இருக்க, நான் அலுமாரியை இரண்டு அங்குலம் உள்ளே தள்ளினேன். சர்ர்ர்… டக். பச்சைக் கம்பனி. பகல் சாப்பாட்டை அதில்தான் வைத்திருந்தேன்.

“கோழியா, மரக்கறியா?” சாந்தி முகத்தில் இப்போது சிரிப்பே இல்லை. பச்சைக் கம்பனி அப்படித்தான் என்று வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தார்.

“கோழி.”

“கோழி முடிஞ்சிருச்சு.”

“அப்ப ஏன் கேட்ட?”

“கேக்கச் சொல்லி உங்க தம்பி எழுதிக் குடுத்திருக்காரு.”

குசினியில் கோழிக்கறி கொதிக்கும் வாசம் ஹோல் முழுக்க அலைந்தது. அக்கா பருப்பும் பீன்ஸும் சாப்பிட்டபடி என்னைப் பார்த்த பார்வையில், முப்பது வருடம் அவள் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தவர்கள் எப்படி அடங்கிப் போயிருப்பார்கள் என்று புரிந்தது. ஆனால் எழுந்துபோகவில்லை. அதைச் சொல்ல வேண்டும். முன்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தபோதும், “நான் லண்டனுக்குப் போய்க்கிட்டிருக்கேன், அப்புறம் வாங்க” என்று கையசைத்தாளே தவிர எழவில்லை. ஒரு தடவைகூட விமானம் ஏறாதவள் அவள். என் கேலிக்கூத்துக்குள் அவள் உண்மையாகவே எதையோ பழகிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் ‘தலையணையின் கருணை’க்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டரை மணி. சாம்பல் நிறக் கம்பனி. முப்பத்தொரு அங்குலம்.

இந்த இடத்தில் கைப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானத்தில் தலைக்கு மேலே பெட்டி வைக்கும் தட்டு இருக்கும் அல்லவா? அதற்காக அக்காவின் கைப்பையை அலுமாரியின் உச்சியில் ஏற்றி வைத்திருந்தேன். அவளோடு உண்மையாகவே லண்டன் போகப்போகும் பை. எடை சரியாக இருக்க வேண்டும் என்று உண்மையான சாமான்களையே உள்ளே வைத்திருந்தேன். அதில் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தல். போத்தல் நிறைய, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துத் தூள். மிளகும் மஞ்சளும் கொத்தமல்லியும் ஓமமும் வறுத்து, இடித்து, சலித்து, மூன்று நாள் எடுத்து அக்கா தன் கையால் செய்தது.

“எழும்பட்டாடா? நீ தள்ளிட்டுச் சொல்லு” என்றாள்.

நான் கொப்பியைச் சுருட்டினேன். “பயணிகள் தயவுசெய்து இருக்கையை விட்டு எழ வேண்டாம்.”

“ஏங்க, மேல பை…” என்றாள் சாந்தி.

“பணிப்பெண்கள் கப்டனின் வேலையில் தலையிட வேண்டாம்.”

தள்ளினேன். சாக்கு சுருண்டு காலுக்குக் கீழே மாட்டியிருந்தது. அலுமாரி அசையவில்லை. தோளைக் கொடுத்து மறுபடியும் தள்ளினேன். கீழ்ப்பகுதி அப்படியே நிற்க, மேல்பகுதி மட்டும் அக்காவுக்கு வணக்கம் சொல்வதுபோல் குனிந்தது. சாந்தி ஓடிவந்து அலுமாரியைப் பிடித்துவிட்டாள். பையைப் பிடிக்க யாருக்கும் கை மிச்சம் இருக்கவில்லை.

ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தூங்கும் வெள்ளைக்காரர். அக்கா ஒதுங்க இடமில்லை. பை நேராக வலது முழங்காலில் விழுந்து, அங்கிருந்து தரைக்குப் போய், உள்ளே போத்தல் உடையும் சத்தம் கேட்டது. மஞ்சள் புகைபோல மருந்துத் தூள் கிளம்பியது. மூன்று பேரும் தும்மினோம்.

“தூள்!” என்றாள் அக்கா. அதுதான் முதலில். முழங்காலைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்றது அதற்கு அப்புறம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. டொக்டர் சிங்களப் பிள்ளை, நன்றாகத் தமிழ் பேசினார். எங்கள் மூவரின் தலையிலும் மஞ்சள் தூள். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்:

“எப்படி நடந்தது?”

அக்கா பொய் சொல்லிப் பழகாதவள். “மேல இருந்து பேக் விழுந்துச்சு டொக்டர். பிளேன்ல.”

“ஐயோ! எந்தக் கம்பனி?”

“கம்பனி இந்தா நிக்கிது” என்று சாந்தி என்னைக் காட்டினாள்.

எலும்பு முறியவில்லை. ஆனால் பத்து நாள் கால் ஊன்றக் கூடாது, அதற்கப்புறம் பார்த்துத்தான் பயணம் பற்றிச் சொல்ல முடியும் என்றார். புறப்பட நினைத்திருந்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வித்யாவுக்குப் பிரசவ நாள் அதற்கு அடுத்த வாரம்.

அன்று பின்நேரம் வித்யாவின் போன் வந்தது. அக்கா பேசியதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். “இல்லம்மா, நல்லா இருக்கேன். இப்பத்தான் நடந்துட்டு வந்தேன், அதான் மூச்சு வாங்குது. மருந்தெல்லாம் இடிச்சு வச்சுட்டேன். வந்துருவேன்டா.” போனை வைத்துவிட்டு, கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் உள்ளே போனேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன்.

“இந்தக் கால் பிளேன் ஏறலைன்னா அந்தப் புள்ளைக்கு அங்க யாருடா இருக்கா?” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் அந்தக் காலுக்குக் கீழே இன்னொரு தலையணையைச் செருகினேன்.

திங்கட்கிழமை காலை நிஸாம் நானாவின் படிக்கட்டில் தனியாக ஏறினேன். கொப்பியை வீட்டிலேயே விட்டிருந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அரிசி மூட்டை வந்த இடத்தில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அலுமாரி வந்த இடத்தில் எழுந்து சன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

“அன்டைக்கே சென்னேன் தானே தம்பி” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ரெண்டு நிமிசத்துல முடியிற வேலைக்கு நீங்க ஏன் வீட்ட ஒடச்ச?”

கம்ப்யூட்டரில் தட்டினார். போனில் பேசினார். நேரே போகும் சாம்பல் கம்பனி, வாசலில் இருந்து வாசலுக்கு வீல்செயார். “டொக்டர்ட லெட்டர் ஒண்டு கொண்டாங்க, மத்தத நான் பாத்துக்கிறன்” என்றார். (இந்த வாக்கியத்தை அவர் சொன்னபோது யாரும் நெற்றியில் கை வைக்கவில்லை.) “முன் வரிசை சீட்டு ஒண்டும் கேட்டிருக்கன். முன்னுக்குச் சுவர் மட்டுந்தான். காலை நீட்டிக்கொண்டு போகலாம்.”

“எத்தனை அங்குலம் நானா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் படியிறங்கிவிட்டேன்.

பத்து நாள் நான் செய்யாத வேலை இல்லை. ஐஸ் ஒத்தடம், தைலம், கால் தூக்கி வைக்கத் தலையணை. மிளகும் ஓமமும் வாங்கி வந்து, அக்கா கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல நானே மருந்து இடித்தேன். “இன்னும் சலி. அது என்ன கவிதையா, கட்டி கட்டியா விடுறதுக்கு?” என்பாள். இந்த முறை பிளாஸ்டிக் போத்தல். பதினோராம் நாள் டொக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்து, காலை நீட்டி வைக்க இடம் இருந்தால் போகலாம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அக்கா போய்ச் சேர்ந்து நான்காம் நாள் பேத்தி பிறந்தாள். அந்தப் பிள்ளை இப்போது நேர்சரிக்குப் போகிறது. கையில் கிடைக்கிற பெட்டியையெல்லாம் தலைக்கு மேல் தூக்கி வைத்து, “எழும்பக் கூடாது” என்று விளையாடுகிறதாம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அக்கா லண்டனில் இறங்கிய அன்றைக்கே நான் போனில் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. “சீட்டு எப்புடிக்கா?”

“என்னத்த சீட்டு? ஏறுனேன், தூங்கிட்டேன். எழுப்பி எறக்குனாங்க.”

“கவனிப்பு? சாப்பாடு?”

“தூக்கத்துல என்னடா சாப்பாடு?”

“போர்வையாவது…”

“சாம்பல் கலராமே? நான் கண்ணைத் தொறந்து பாக்கல.”

பதினொரு மணித்தியாலப் பயணம் பற்றி எங்கள் குடும்பத்தின் முழு அறிக்கை இவ்வளவுதான். சீ.ஆர். கொப்பியின் மிச்சப் பக்கங்களில் சாந்தி பால் கணக்கு எழுதுகிறாள். அலுமாரி பழைய இடத்துக்குப் போய்விட்டது, ஒரு கால் மட்டும் கொஞ்சம் ஆடும். இன்றைக்கும் நான் எந்த ஊரைப் பற்றி, எந்தத் தேசத்தைப் பற்றி வாய் திறந்தாலும் வீட்டில் ஒருத்தர் ஒரு வாசகத்தை எடுத்து வீசுவார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்த வாசகம் கட்டுநாயக்க விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பிறந்தது.

அக்கா புறப்பட்ட அன்று, வேனை விட்டு இறங்கியதும் சீருடை போட்ட ஒரு பெண் வீல்செயாரோடு வந்தாள். அக்கா முதலில் முகத்தைச் சேலைத்தலைப்பால் மறைத்துக்கொண்டாள், படித்த பிள்ளைகள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. ஆனால் வண்டி நகர்ந்ததும் கூட்டம் விலகியது. பெட்டிகள் விலகின. கோட்டுப் போட்டவர்கள் விலகினார்கள். கண்டிப் பெரஹர ஊர்வலத்தில் பேழை சுமந்து வரும் யானைக்கு வழிவிடுவதுபோல் வழிவிட்டார்கள். சேலைத்தலைப்பு மெல்லக் கீழே இறங்கியது. முதுகு நிமிர்ந்தது.

“நிஸாம் நானா சொன்னப்பவே கேட்டிருக்கணும்” என்றாள் சாந்தியிடம், நான் அங்கே இல்லாததுபோல்.

கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. டிக்கெட் இல்லாதவர்கள் அதற்கு மேல் போக முடியாது. நான் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவோ சொல்ல இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றி ஒரு முழு வசன கவிதையே தயாராக இருந்தது. “அக்கா, இந்த வானம் உன்னை…” என்று தொடங்கினேன்.

அக்கா என் தலையில் கை வைத்தாள். முடியில் இன்னும் கொஞ்சம், நான் இடித்த மருந்துத் தூள் இருந்திருக்க வேண்டும், தட்டிவிட்டாள்.

“சரிடா கப்டன். நீ வீட்லயே பறந்துக்கிட்டிரு. நான் போயி நெஜப் பிளேன் எப்புடி இருக்குன்னு பாத்துட்டு வர்றேன்.”